ஓசூர், கெலமங்கலம், பர்கூர்: தட்டு எறிய மூன்று இடங்கள்

போன பதிவில் டிஸ்க் கோல்ஃப் ஆடியதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். "ஓசூர் பக்கம் அதற்கு இடம் இருக்கிறதா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். இன்றைய நிலவரம் எனக்குத் தெரியாது. 1994 பிப்ரவரியில் நானும் என் தோழி நூர்ஜஹானும் இரண்டு நாள் சுற்றி மூன்று இடங்களை ஆடிப் பார்த்தோம். அதைச் சொல்கிறேன்.

அப்போது ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் அசெம்பிளி லைனில் வேலை. நான் சேலத்துக்காரி, அவள் கிருஷ்ணகிரி. ஹாஸ்டலில் ஒரே அறை. மெஷின் மாட்ட வந்த ஸ்வீடன் இன்ஜினியர் ஊர் திரும்பும்போது மூன்று பிளாஸ்டிக் தட்டுகளை எங்கள் லைனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டம் எளிது. தூரத்தில் ஒரு கூடை. தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, எவ்வளவு குறைந்த எறிகளில் கூடைக்குள் போடுகிறோம் என்பதுதான். அவர்கள் ஊரில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையாம். நாங்கள் சந்தையில் எட்டு ரூபாய்க்கு ஒரு மூங்கில் கூடை வாங்கிக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட்டோம். ஒரு கூடை முடிந்ததும் கழற்றி அடுத்த மரத்துக்கு. ஒன்பது மரம் ஒரு ஆட்டம்.

லைனில் ஒன்பது பெண்கள் சேர்ந்துவிட்டோம். மார்ச்சில் போட்டி வைப்பதாக முடிவு. எங்கே வைப்பது என்று பார்த்துவர எங்கள் இருவரை அனுப்பினார்கள். வெள்ளி எங்களுக்கு வார விடுமுறை; சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தோம்.

வெள்ளி காலை ஆறரைக்கு முதல் இடம். ஹாஸ்டலிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. தொழிற்பேட்டையில் கட்டடம் எழும்பாத பிளாட்டுகள், ஓரமாகத் தைல மரங்கள். தரை சமம், நிழல் குறைவு. லாரி போகும்போதெல்லாம் எறியாமல் நிற்க வேண்டும். ஒன்பது கூடைக்கு எனக்கு நாற்பத்தொரு எறி, அவளுக்கு முப்பத்தெட்டு. முடிப்பதற்கும் செக்யூரிட்டி வருவதற்கும் சரியாக இருந்தது. "ஏம்மா, இது என்ன பார்க்கா? கெளம்புங்க, கெளம்புங்க."

ஒன்பது நாற்பதுக்கு கெலமங்கலம் பஸ். இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம், டிக்கெட் மூன்று ரூபாய். ஊரைத் தாண்டிக் கேழ்வரகு அறுத்த காடு ஒன்று. மூன்று பக்கம் மாந்தோப்பு, நடுவே புளியமரங்கள். நிலத்துக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயி. என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கினோம். "மாடு மேயுது. அது மேல படாம ஆடுங்க, அவ்ளோதான்" என்றார். பிறகு அவரும் ஒரு தட்டை வாங்கி விதை தூவுகிற மாதிரி வீசிப் பார்த்தார். அது பத்தடியில் விழுந்தது. "இதுக்காம்மா பஸ் ஏறி வந்தீங்க!" என்று சிரித்தார். தோப்பு காற்றை மறைத்ததால் தட்டு சொன்னபடி கேட்டது. எனக்கு முப்பத்தாறு, அவளுக்கு முப்பத்தொன்று.

மதியம் ஓசூர் திரும்பி கிருஷ்ணகிரி பஸ்: ஐம்பது கிலோமீட்டர், எட்டு ரூபாய். அங்கிருந்து பர்கூர் பதினைந்து கிலோமீட்டர், மூன்று ரூபாய். நூர்ஜஹானின் அக்கா வீட்டில் தங்கினோம். அவள் மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஜவுளிக்கடை வைத்திருந்தார். "பழைய குவாரில யாரும் இல்ல, நல்ல எடம். அடுத்தாப்ல இருக்கற புது குவாரி பக்கம் மட்டும் போவாதீங்க. வெடி வெப்பாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை அங்கே போனோம். அழகில் மூன்றாவதுதான் முதலிடம். கல் வெட்டி எடுத்த இடம் பெரிய பெரிய படிகளாக இறங்கியது. இருபதடி உயரத்தில் நின்று கீழே இருக்கும் கூடைக்கு எறிந்தால் தட்டு மிதந்து மிதந்து இறங்கும். ஏழாவது கூடையில் நான் எறிந்த மஞ்சள் தட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போய் மேட்டுக்கு அந்தப் பக்கம், புது குவாரிப் பள்ளத்தில் போட்டது.

மேட்டில் ஒரு கம்பத்தில் சிவப்புக் கொடி. பார்த்தேன். ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன்.

"ஏய், கொடி இருக்குடி! வேணாம், வந்துடு!" என்று நூர்ஜஹான் கத்தினாள். நான் பாதி தூரம் இறங்கியிருந்தேன். கீழே விசில் கேட்டது. உடனே மேலிருந்து "ஆகு! ஆகு!" என்று ஒரு குரல். தெலுங்கில் நில் என்று அர்த்தம். கொடிக்குக் காவல் இருந்தவர், ஐம்பது வயது இருக்கும், அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்பப் போயிருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கொடியைக் கம்பத்தோடு பிடுங்கி, கீழே திரி கொளுத்த இருந்தவருக்கு ஆட்டிக்கொண்டே சரிவில் ஓடிவந்தார். வந்த வேகத்தில் சறுக்கி விழுந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம்.

என்னை மேலே இழுத்து வருவதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். மேட்டில் கொடி இல்லை.

"கொடி நடாமயா வெடி வெக்கற வெங்கடப்பா?"

"நட்டேன் சாமி. இந்த அம்மாவப் பாத்துதான் புடுங்கினேன்."

சூப்பர்வைசர் என்னிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கொடி இருந்துச்சா?"

போலீஸ், கம்பெனி, சேலத்தில் அப்பா, எல்லாம் ஒன்றாக மனதில் வந்தது. "நான் எதும் பாக்கலீங்க" என்றேன்.

"நாளைலேர்ந்து நீ வேலைக்கு வராத" என்றார் சூப்பர்வைசர் வெங்கடப்பாவிடம். வெங்கடப்பா என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த கொடியையே பார்த்தார்.

"பொய் சொல்றா சார்" என்றாள் நூர்ஜஹான். "கொடி இருந்துச்சு. நான் கத்தினேன். பாத்துட்டுதான் எறங்கினா." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றாள்.

"பாத்தேங்க. அவர் மேல தப்பில்ல. நான்தான் மீறி எறங்கினேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

சூப்பர்வைசர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம். வெங்கடப்பாவின் வேலை நிலைத்தது. என் துப்பட்டாவைக் கிழித்து அவர் முழங்காலில் கட்டினேன். "போம்மா, போய் பஸ்ஸப் புடி" என்றார். நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. மஞ்சள் தட்டு கல்லுக்கடியில் போயிருக்கும்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் அவள் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நானே ஆரம்பித்தேன்.

"நீ சொல்லலேன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்டி."

"தெரியும். அதனாலதான் சொன்னேன்" என்றாள். டீ வாங்கப் போய்விட்டாள்.

இப்படி ஆட நினைப்பவர்களுக்கு: நாலு பக்கமும் மரம் இருக்கும் அறுத்த காடு போதும், நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு ஆடுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். காற்று எழுவதற்கு முன், காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். குவாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்தாலும் போகக்கூடாத இடத்தில் விழுந்த தட்டு தொலைந்த தட்டுதான்.

மார்ச்சில் போட்டி கெலமங்கலத்தில், மீதி இரண்டு தட்டுகளோடு நடந்தது. அதற்கு முன், நாங்கள் திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, லைனில் எல்லோரும் பர்கூர் எப்படி என்றுதான் கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் விடாமல். நூர்ஜஹான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்த இடத்திலும் அவள் என்னைத் திருத்த வேண்டி வரவில்லை.