கடல் தொட்டியில் அமாவாசைச் சோறு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. குற்றாலத்தில் மீன் காட்சிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து நாலு சீசன் டிக்கெட் கிழித்தவன் நான். உயிரோடு இருக்கிற மனிதர்களைச் சமாளிக்கவே விழி பிதுங்கியவனுக்குச் செத்தவர்களோடு என்ன வேலை? ஆனாலும் சுந்தரபாண்டியன் அண்ணாச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னை அறியாமல் குரல் தாழ்ந்துவிடும்.

கொட்டகை பரீது முதலாளியுடையது. தென்காசிக்காரர். எண்பத்து மூன்றாம் வருசச் சீசனுக்கு, அருவிக்குப் போகிற பாதையில் கொட்டகை போட்டு, பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகளில் மீன் விட்டார். வாய்க்காலில் கிடக்கிற மீனை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று யாரோ கேட்டுவிட, அவருக்கு ரோசம் வந்துவிட்டது. நடுவில் சிமெண்டில் பெரிய தொட்டி கட்டி, முன்பக்கம் கனத்த கண்ணாடி பதித்து, தூத்துக்குடியிலிருந்து கடலையே கொண்டுவந்துவிட்டார். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகிற மீன் லாரியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்து இறங்கும்.

அதோடு உயிருள்ள பவளமும் வந்தது. பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்று நினைத்திருந்த ஜனங்களுக்கு, அது உட்கார்ந்த இடத்தில் வளர்கிற ஒரு பிராணி என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. அவற்றில் ஒன்று மட்டும் கல் போல இல்லாமல் சதைப்பற்றாக, விரல் நீட்டிய கை போல இருந்தது. இளம் ஊதா நிறம். காலையில் விரல்கள் விரிந்து தண்ணீரில் அசையும். உச்சி நேரத்தில் சுருண்டுகொள்ளும். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்து அழுதிருக்கின்றன.

வந்த இரண்டே மாதத்தில் எல்லாம் நிறம் கெட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பொரியையும் முறுக்கையும் உள்ளே எறிந்தார்கள். கண்ணாடியில் பாசி பிடித்தது. பவளமெல்லாம் ஊறிய புளி மாதிரி பழுப்பாகிவிட்டது. அப்போதுதான் முதலாளி, சுந்தரபாண்டியன் அண்ணாச்சியைக் கூட்டி வந்தார்.

அண்ணாச்சி ஒரு கல்லூரியின் ரசாயன ஆய்வகத்தில் முப்பது வருசம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியார்களுக்குத் தெரியாததெல்லாம் தனக்குத் தெரியும் என்று அவரே சொல்வார், பாதி உண்மைதான். வந்த அன்றே பொரிக்குத் தடை போட்டார். தொட்டியின் மேல் கம்பி வலை அடித்துப் பூட்டினார். வாரம் ஒருமுறை அடிமணலில் தங்கிய கசடை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றினார். தினமும் காலையில் ஒரு சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, துத்தநாகப் பொடி கொஞ்சம் போட்டு, இரண்டு மருந்து சொட்டு விடுவார். தின்றது, கழிந்தது, அழுகியது எதுவும் தண்ணீரில் இருந்தால் அது ரோஸ் நிறமாகிவிடும். எவ்வளவு அழுக்கோ அவ்வளவு சிவப்பு. தண்ணீர் நிறமில்லாமல் நின்றால்தான் அவர் காலைக் காப்பி குடிப்பார். ஆறு மாதத்தில் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் திரும்பி வந்தன.

அவருக்கு ஒரே மகன் இருந்தான். ஆறுமுகநயினார் என்று பெயர். எழுபத்தேழில் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன ஒரு தோணியில் வேலைக்குப் போனான். தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உடம்பு கிடைக்காவிட்டால் என்ன, தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று வந்தார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அதுவே அவனைக் கொன்றுவிடும் என்பது அவர் கட்சி. வீட்டில் மகன் படத்துக்கு மாலை கிடையாது. அவன் சட்டைகளை மாதம் ஒருமுறை துவைத்துத் தேய்த்து வைக்க வேண்டும். அதைச் செய்தது அவர் மனைவி முத்துவடிவு மதினி. ஒன்றும் பேசாமல் செய்தாள். அந்த மௌனத்தை அண்ணாச்சி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ரசாயனம் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பெண்டாட்டியைத் தெரியவில்லை என்பேன்.

எண்பத்தைந்து ஐப்பசியில் அது தொடங்கியது. சீசன் முடிந்து கொட்டகை அடைத்துக் கிடந்தது. நாங்கள் இருவர் மட்டும் காலையில் போய்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு நாள் சோதனைக் குழாய் ரோஸ் காட்டியது. மீன் எதுவும் சாகவில்லை. மணலைத் துழாவினார், ஒன்றுமில்லை. தண்ணீரை மாற்றியதும் சரியானது. அடுத்த மாதம் மறுபடி சிவந்தது. அதற்கடுத்த மாதமும். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் நோட்டில் தேதி போடுகிறவர். காலண்டரோடு வைத்துப் பார்த்தார். மூன்று நாளும் அமாவாசைக்கு மறுநாள்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

எனக்கு முதுகு சில்லிட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆளில்லாத கொட்டகையில் காற்று மோட்டார் மட்டும் யாரோ மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் நேரே அந்த ஊதாக் கையின் மேல் விழும். மீனுக்கு நாங்கள் சிட்டிகையாகப் போடுகிற இரை தவிர எதுவும் விழாத தொட்டியில் மாதம் ஒரு நாள் யாரோ சாப்பிடுகிறார்கள் என்றால் என்ன நினைப்பது? அண்ணாச்சி அப்படியெல்லாம் நினைக்கவில்லை. நான்தான் கள்ளச் சாவி போட்டுச் சோற்று மிச்சத்தைக் கொட்டுகிறேன் என்று முதலாளியிடமே போய்ச் சொல்லிவிட்டார். அவர் பின்னாலேயே சுற்றியதற்குக் கிடைத்த மரியாதை. கோபத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. தை அமாவாசை அன்று முற்பகலில், கொட்டகைச் சாவியில் என்னிடம் இருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய், காலிக் கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

உச்சி நேரத்தில் கதவு திறந்தது. முத்துவடிவு மதினி ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். அமாவாசைச் சாப்பாடு முடித்து அண்ணாச்சி கண் அசந்திருப்பார்; அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த சாவி அவள் கையில் இருந்தது. வலையைத் திறந்தாள். கிண்ணத்தில் இருந்த சோற்று உருண்டையில் கறுப்பு எள் தெரிந்தது. பிணம் கிடைக்காத பிள்ளைக்குப் பிண்டம். அதை ஆற்றில் கரைப்பதுதான் வழக்கம், மீன் தின்றால் போனவர் தின்ற மாதிரி. இவள் கடல் தண்ணீரில் கரைத்தாள். அந்த நேரத்தில் எப்போதும் சுருண்டு கிடக்கிற ஊதாக் கை, ஒவ்வொரு விரலாக விரிந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பையச் சாப்பிடு ராசா. அப்பாவுக்குத் தெரியாண்டாம்" என்றாள்.

அவள் போன பிறகும் கேன்களுக்குப் பின்னாலேயே கிடந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே, சாயங்காலமே போய் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். இன்றுவரை அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

அண்ணாச்சி கேட்டபோது மதினி மறைக்கவில்லை. முதல் தடவை கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்றே அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். தூத்துக்குடிக் கடல்.

"அவன் கெடக்க தண்ணி இதுதான? பசியோட கெடக்கான். நீங்க ஒத்துக்கிட வேண்டாம், நான் சோறு போட்டுக்கிடுதேன்" என்றிருக்கிறாள்.

அவர் பூட்டை மாற்றினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து தொட்டியைச் சுத்தம் செய்வதில் ஒரு வெறி வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் மாற்றினார். கழிவு போடுகிறதென்று அதிலிருந்த மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றினார். சோதனைக் குழாய் சுனைத் தண்ணீர் போல நின்றது. அமாவாசைக்கு மறுநாளும் அப்படியே நின்றது. அவர் ஜெயித்துவிட்டார்.

பங்குனியில் மஞ்சள் போயிற்று. சித்திரையில் பச்சை. வைகாசியில் ஊதாக் கை விரல் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. ஆனியில் சாரல் விழுந்து கூட்டம் வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் ரத்தமில்லாத ஒரு கை சுருண்டு கிடந்தது. அது முங்கிச் செத்தவன் கை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கடையத்துக்காரி ஒருத்தி அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். ஆடிக்குள் நிறம் திரும்பாவிட்டால் தொட்டியை இடித்துவிடுவேன் என்றார் முதலாளி. அண்ணாச்சிக்கு அந்தப் பேச்சு காதில் ஏறினதாகவே தெரியவில்லை. தண்ணீரில் குற்றமில்லையே, ஏன் சாகிறது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு நாள் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினார். எந்த நாளில் எந்த நிறம் எப்படி இருந்தது என்று அவரே எழுதியிருந்தார். ஐப்பசி முதல் தை வரை நிறம் பொலிந்த நாளெல்லாம் அமாவாசையை ஒட்டி இருந்தது. கெடுதி என்று அவர் துடைத்த அழுக்கில் ஒரு துளிதான் அதற்குச் சாப்பாடு. அளவு மீறினால் பழுப்பு. ஒன்றுமே இல்லாவிட்டால் பட்டினி. பட்டினியை அவர் சுத்தம் என்று நினைத்திருக்கிறார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

சோறு போட அவர் ஒப்பவில்லை. கருவாட்டைத் தூளாக்கிப் போட்டார். இறாலை அரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். மற்றப் பவளங்கள் கொஞ்சம் தேறின. கை மட்டும் விரியவில்லை. தூள் அதன் மேல் படிந்து அப்படியே கிடந்தது. மதினியைப் போடச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

எண்பத்தாறு ஆடி அமாவாசை. ஆற்றங்கரை முழுக்க ஜனம், எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். சாரலில் கொட்டகைக்குள் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. அண்ணாச்சி என்னை வாசலை அடைக்கச் சொன்னார். கையில் ஒரு கண்ணாடிக் குவளை; அதில் ஒரு கரண்டி சோறு, தராசில் நிறுத்து எடுத்தது. மதினி பின்னாலேயே வந்தாள். அவர் தடுக்கவில்லை.

"இது வெறும் எரைதான். சோதனைக்குப் போடுதேன்" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல்.

கண்ணாடிக் குச்சியால் சோற்றை மசித்துக் கலக்கி, பாதியைத் தொட்டியில் ஊற்றினார். வெள்ளையாகப் புகைந்து கரைந்தது. நாங்கள் மூவரும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நின்றோம். கை அசையவில்லை. மோட்டார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி குச்சியைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றினார். தெற்குப் பக்கம் எது என்று கேட்டார், நான் காட்டினேன்.

"எள்ளு வச்சிருக்கியாட்டி?"

மதினி முந்தியை அவிழ்த்தாள். அவர் மிச்சச் சோற்றில் எள்ளைப் பிசைந்து, உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தி, ஆறுமுகநயினார் என்று பெயரைச் சொன்னார். மறுபடி சொன்னார். கட்டைவிரல் பக்கமாகக் கையைச் சாய்த்து, போனவர்களுக்கு விடுகிற மாதிரி தண்ணீரில் விட்டார்.

அந்த வெள்ளைக் கையில் முதலில் ஒரு விரல் நிமிர்ந்தது. பிறகு அடுத்தது. விரல்களுக்கு நடுவில் சோறு இறங்கியது. அண்ணாச்சி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒம்பது வருசமா எம்புள்ளையப் பட்டினி போட்டுட்டேனேட்டி" என்றார்.

மதினி அழவில்லை. அவர் தோளைப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இப்பத் திங்கான் பாருங்க" என்றாள்.