கல்லாவுக்கு அடியில் இருந்த சின்ன போர்டு

தனசேகர் செத்துப் போனான்.

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தானே, அவன்தான். முந்தாநாள் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே.

வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருந்தபோதே அவன் கடையிலிருந்து வந்த எந்தப் பேச்சையும் நான் நம்பினதில்லை. பக்கத்துக் கடைக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் என்னிடம் மீன் வாங்குகிறவர்களுக்கு அவனைத் தெரியும். அவனை நான் திட்டாத நாள் உண்டா?

எல்லாம் ஒரு மதர்போர்டால் வந்தது. கம்ப்யூட்டருக்குள் எல்லாச் சாமானையும் தாங்கிக்கொண்டு இருக்குமே, அந்தப் பலகை.

என் பேத்தி தேவிக்குக் கோடம்பாக்கத்தில் ஸ்பாட் எடிட்டிங் வேலை வந்தது. ஷூட்டிங் நடக்கிற இடத்திலேயே உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை. மெஷின் சொந்தமாக இருந்தால் திங்கட்கிழமை வா, இல்லையென்றால் வேற ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

லேப்டாப் சூடாகி நின்றுவிடுகிறது. பெரிய பெட்டியை பஸ்ஸில் தூக்க முடியாது. டிபன் கேரியர் அளவில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்... வேலை மட்டும் பெரிய மெஷின் மாதிரி செய்ய வேண்டும். அதற்கென்று சின்ன போர்டு, அதிலும் ஒசத்தி ரகம்.

தேவியோடு தனசேகர் கடைக்குப் போய் விலை கேட்டதுமே எனக்குச் சந்தேகம். பெரிய போர்டைவிடச் சின்னது விலை ஜாஸ்தி!

"இன்னா நைனா, பெருசு கம்மி, சிறுசு ஜாஸ்தியா? எந்த ஊரு நாயம் இது?"

"ஆயா, பெரிய போர்டுல கீறது எல்லாத்தையும் இத்துனூண்டு எடத்துல அடக்கணும் இல்ல? அதான்."

"நாங்க கூடத்தான் ஒரே ரூம்ல ஏழு பேர் அடங்கிக் கீறோம். எங்களுக்கு இன்னா வெல ஏத்தியா குடுக்கறாங்க?"

சிரித்தான். விலையைக் குறைக்கவில்லை. அதோடு, ஸ்டாக்கும் இல்லை என்றான். இப்போது எல்லாருக்கும் பைக்குள் அடங்குகிற பெட்டிதான் வேண்டுமாம். வருவதே ஒன்று ரெண்டு, ஷட்டர் தூக்குவதற்குள் போனிலேயே புக் ஆகிவிடுமாம்.

எனக்கா தெரியாது?

நல்ல வஞ்சிரம் வந்தால் நானும் கோணிக்கு அடியில் ஐஸில் போட்டுவிட்டு, "இன்னிக்கு வரலம்மா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவேன். வாடிக்கை ஆளுக்குத்தான் கோணியைத் தூக்குவேன். மார்க்கெட்டில் எல்லோரும் செய்கிறதுதான். அதனால் நான் தனசேகர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் கல்லாவுக்கு அடியில் பார்த்தேன்.

இருந்தது. தேவி போனில் காட்டின அதே அட்டைப்பெட்டி.

"அது இன்னா?"

"அது... வேற ஆளுக்கு எடுத்து வெச்சது ஆயா."

"யாரு அந்த ஆளு? பேரச் சொல்லு."

முழித்தான். பேர் சொல்லவில்லை. பேர் இல்லாத ஆள் என்றால் யார்? ஜாஸ்தி கொடுக்கிற ஆள்.

காலி மீன்கூடையைக் கடை வாசற்படியில் வைத்தேன். பக்கத்தில் குந்திவிட்டேன். வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

"எழுந்திரு ஆயா, யாவாரம் கெடுது."

"கெடட்டும். எம் பேத்தி பொழப்பு கெடலாம், உன் யாவாரம் கெடக் கூடாதா?"

தேவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "மானத்த வாங்காத ஆயா, வா."

"நீ சொம்மா இரு."

விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்து நீட்டினான். பார்த்தால் சீல் பிரிந்திருக்கிறது!

"செவுளத் தூக்கிப் பாக்காம நான் மீனே வாங்க மாட்டேன். இது இன்னா, பிரிச்சு கீது? யாரு யூஸ் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்தது?"

"யாரும் இல்ல ஆயா. சொம்மா பிரிச்சுப் பாத்தேன்."

"சொம்மா பிரிச்சுப் பாக்க அது இன்னா கல்யாணப் பத்திரிகையா?"

தேவி அதற்குள் வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். இன்றுவரை அந்த போர்டு ஒரு தடவைகூட நின்றதில்லை. அதுவே எனக்குச் சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க வருவான். "வஞ்சிரம் கீதா ஆயா?"

"வரல நைனா."

கோணிக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பான். சங்கராவை வாங்கிக்கொண்டு போவான். ஒரு வார்த்தை கேட்டதில்லை. குற்றம் இல்லாதவன் கேட்டிருப்பான் இல்லையா... அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று மேற்கு மாம்பலத்தில் அவன் வீட்டுக்குப் போய் மாலை போட்டேன்.

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் பெட்டி. டிபன் கேரியர் அளவு. கண்ணாடிக் கதவு. உள்ளே ஃபேன், வயர் எல்லாம் மாட்டித் தயாராக... நடுவில் மட்டும் காலி.

சாவு வீட்டில் கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

"அவர் தனக்குன்னு ஆசையா கட்ட ஆரம்பிச்சதும்மா," என்றாள் அவன் பெண்டாட்டி. "போர்டுகூட வந்துடுச்சு. பிரிச்சுப் பார்த்து எனக்கு போட்டோ அனுப்பினார். அன்னிக்குன்னு பார்த்து யாரோ ஒரு மீன்காரம்மா வாசல்ல உட்கார்ந்துட்டு எழுந்திருக்கவே இல்லையாம். குடுத்துட்டேன்னு வந்து ஒரே சிரிப்பு. அப்புறம் வந்ததெல்லாம் கேட்டவங்களுக்கே போயிடுச்சு."

நான் யார் என்று சொல்லவில்லை. கூடையைக் கொண்டு போகவில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் அவள் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

"வேற ஆளு" என்றானே பாவி. "என்னோடது ஆயா" என்று வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு?

சொல்லியிருந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

ஏன் சொல்லவில்லை? அதுதான் இடிக்கிறது எனக்கு.

போய் வா நைனா.

இன்றைக்கு நல்ல வஞ்சிரம் வந்திருக்கிறது. கோணி போடவில்லை.