கோலமாவுக் கோடு

எங்கள் வீட்டின் பின்னறையில் நான்கு பெட்டிகள் இருந்தன. இரண்டில் நாகம். ஒன்றில் பச்சை விரியன். சுவரோரம் இருந்த சின்னப் பெட்டியில் கட்டுவிரியன். அறுபதுகளின் தொடக்கம் அது. மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து சேரும் தீவில், ஹேடோ என்ற இடத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த க்வார்ட்டர்ஸில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும்தான். குழந்தைகள் படுக்கும் இடத்துக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் நடுவே இருந்தது ஒரு மரக்கதவு மட்டுமே. மழைக்காலத்தில் அது ஊதிப்போய், தோளால் இடித்தால்தான் சாத்தும்.

என் கணவர் சாத்தம் பாலத்துக்கு அப்பால் மர மில்லில் வேலை பார்த்தார். பாம்பு பிடிப்பது அவருடைய தொழில் இல்லை, பிடிவாதம். மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக்காரர், இந்தத் தீவுப் பாம்புகள் உயிரோடு வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். கார்த்திகையில் வரும் கப்பலில் அனுப்பிவைப்பதாக இவர் ஒப்புக்கொண்டார். மில்லில் கழித்துப்போட்ட பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, அடைமழையில் முன்வாசலில் உட்கார்ந்து, பெட்டிகளைத் தானே செய்தார். கடலில் மிதந்து வந்த மரத்தை அறுத்த பலகைகள் அவை. ஆணி இறங்கும்போது அதைச் சுற்றி ஈரம் கசிந்தது. மேலே கம்பி வலை, கொக்கி, பூட்டு. முடித்ததும் ஒரு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"பாரு, எங்கயாவது இடுக்கு தெரியுதா? தண்ணி ஊத்தினாக்கூட நிக்கும்."

"தண்ணி நிக்கட்டுங்க. அது நிக்குமா?"

"கப்பல் வர்ற வரைக்கும்தானே. நீ என்னமோ ஜென்மத்துக்கும் குடியிருக்க வந்த மாதிரி பேசுற."

கார்த்திகையில் கப்பல் வரவில்லை. மெட்ராஸில் பழுதுபார்க்க நிறுத்தியிருக்கிறார்கள் என்றார்கள். கடைகளில் வெங்காயம் தீர்ந்தது, உருளைக்கிழங்கு தீர்ந்தது. எங்கள் பின்னறையில் மட்டும் எதுவும் குறையவில்லை.

நான் எதையும் ஒழுங்காக வைத்தால்தான் நிம்மதியாக இருப்பவள். பயத்துக்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் பின்னறையைப் பெருக்கியபின், பெட்டிகளைச் சுற்றி அரிசிமாவால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு போடுவேன். வாசலில் கோலம் போட்ட கையோடு அதையும் போட்டுவிடுவேன். குழந்தைகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மாவில் கால் தடம் இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிவைத்திருந்தேன். தீவில் பிறந்த பிள்ளைகள். தெருவில் பேசும் ஹிந்தி பாதி, வீட்டுத் தமிழ் பாதி.

"டேய், லைன் தாண்டாதே! சாம்ப் காட் லேகா!" என்று மூத்தவள் தம்பியை மிரட்டுவாள்.

"கடிச்சா வலிக்குமா அக்கா?"

"உனக்கு வலிக்காது. நீ மோட்டா, குண்டு."

அதைக் கேட்டுக் கணவர் சிரித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவ சொல்றது சரிதான். அந்தச் சின்னப் பெட்டியில இருக்கறது கடிச்சா வலிக்கவே வலிக்காது. தூங்கறவன் முழிக்க மாட்டான்" என்றார். ஏதோ அதன் நற்குணத்தைச் சொல்வதுபோல இருந்தது அவர் குரல்.

நாகங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பெட்டியைத் தட்டினால் சீறும். உள்ளே இருக்கிறது என்று தெரியும். கட்டுவிரியன் தட்டினாலும் சத்தம் காட்டாது. வலை வழியாக உற்றுப்பார்த்தால், வைக்கோலுக்கு அடியில் கறுப்பில் வெள்ளைக் கட்டுகள் கொஞ்சம் தெரியும். அதைப் பார்க்காமல் நான் அடுப்பு மூட்டியதில்லை.

தை பிறந்தது. மழை நின்று, காய்ந்த காற்று வீசத் தொடங்கியது. ஒருநாள் அந்த நடுக்கதவு, இடிக்காமல் தள்ளாமல், தானாகவே சாத்திக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து விழுந்திருந்ததை நான் அப்போது பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை பெருக்கப் போனபோது கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. கால் தடம் இல்லை. யாரோ ஈரத்துணியை வளைத்து வளைத்து இழுத்த மாதிரி மாவு ஒதுங்கியிருந்தது. ஒதுங்கிய மாவு வெளிப்பக்கம் சிந்தியிருந்தது. தடம் போன திசையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இருவரையும் பாயிலிருந்து வாரித் தூக்கிக் கட்டிலில் நிறுத்திவிட்டுத்தான் கணவரை எழுப்பினேன். அவர் சின்னப் பெட்டியைத் திருப்பினார். பூட்டும் வலையும் அப்படியே இருந்தன. கீழ் மூலையில் இரண்டு பலகைகள் விலகியிருந்தன. அந்த இடுக்கில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"மரம் சுருங்கிடுச்சு" என்றார். "பச்சைப் பலகை. காய வெச்சு அடிச்சிருக்கணும்."

கணக்கில் பிழை எங்கே என்று கண்டுபிடித்தவனின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

பகல் முழுக்கத் தேடினோம். பாய், தலையணை, அரிசி டின், விறகுக் குவியல், எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய் உதறினோம். கிடைக்கவில்லை. அன்று நால்வரும் ஒரே கட்டிலில் படுத்தோம். படுக்கும்முன் எல்லா வாசற்படிகளிலும் மாவு தூவினேன். விடிந்து பார்த்தபோது பின்வாசல் மாவில் அதே வளைவு. இம்முறை வெளியே போயிருந்தது.

"அவ்வளவுதான், போயிடுச்சு" என்றார் அவர். "காட்டுக்குத்தான் போகும்."

"காட்டுக்கும் நமக்கும் நடுவுல அவங்க அடுக்களை இருக்குங்க."

எங்கள் பின்வாசலுக்கு எதிரே ஒரு வங்காளிக் குடும்பம். அந்தப் பெண்ணை என் பிள்ளைகள் மாசி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவார்கள். அவளுக்குத் தவழும் வயதில் ஓர் ஆண் குழந்தை, பாபு. அவர்களிடம் கட்டில் கிடையாது.

"வெளிய சொல்லித் தொலைக்காதே. க்வார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிடுவான்."

நான் மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. அவள் வீட்டையும் உதறித் தேடினோம். ஒன்றும் இல்லை. என் ஹிந்தி கடைத்தெரு ஹிந்தி. "வாசல்ல லைன் போடு. சுபஹ் தேக்கோ, காலைல பாரு. லைன் கலைஞ்சா, அது வந்திருக்கு" என்று தமிழும் கலந்து, கையால் வளைந்து காட்டிச் சொன்னேன். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. தலையாட்டி மாவை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"தீதி, தேக்கோ! குச் நஹி ஹுவா!" ஒன்றும் ஆகவில்லை அக்கா, வந்து பாரு என்று சிரித்தாள்.

பார்த்தேன். அவள் வாசற்படி நெடுக வெள்ளைக் கொடி ஓடியது. கொடியில் இலைகள், இலைகளுக்கு நடுவே மொட்டுகள். ஒரு மொட்டுகூடக் கலையவில்லை. குனிந்து விரலால் தேய்த்தேன். விரலில் மாவு ஒட்டவில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து, விரலால் வரைந்திருக்கிறாள். அது சிமெண்டில் காய்ந்து சுண்ணாம்பு அடித்ததுபோல இறுகியிருந்தது. அதன்மேல் எது ஊர்ந்து போனாலும் தெரியாது. உலர்ந்த மாவைத் தூவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாவுக் கோடு என்றால் எனக்கு அது ஒன்றுதான், அவளுக்கு இது ஒன்றுதான்.

"பாபு எங்கே?" என்று கேட்டேன்.

"அந்தர். ஸோ ரஹா ஹை."

உள்ளே தூங்குகிறானாம். அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். குழந்தை சுவரோரம் பாயில் குப்புறக் கிடந்தான். இரு கைகளாலும் வாரி எடுத்தேன். தூக்கம் கலைந்து வீறிட்டான். அந்த அழுகையைப்போல இனிமையான சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. உடம்பெல்லாம் தடவிப்பார்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, பாயின் மடிந்த முனையை விளக்குமாற்றுக் காம்பால் தூக்கினேன். அங்கே சுருண்டிருந்தது, அவன் சூட்டில்.

என் கணவர் வந்து கொக்கியால் எடுத்து மண்ணெண்ணெய் டின்னில் போட்டார். அதுவரை அவள் குழந்தையோடு தெருவில் நின்றாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என் மகன் வெகுநாள் வரை பாயைத் தூக்கிப் பார்க்காமல் படுத்ததில்லை. மூத்தவள் அவனைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

மாசி மாதத்தில் கப்பல் வந்து நான்கையும் ஏற்றிக்கொண்டு போனது. பின்னறையைக் கழுவிவிட்டேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் விறகு எடுக்கப் போனபோது, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் புதுப் பலகைகளைக் கண்டேன். காற்றுப் போவதற்காக நடுநடுவே குச்சி வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக அடுக்கியிருந்தது. நான் பார்ப்பதைக் கணவர் பார்த்தார்.

"இந்தத் தடவை பயப்படாதே. நல்லா காயட்டும்னு விட்டிருக்கேன். சுருங்கறதெல்லாம் இப்பவே சுருங்கிடும். இன்னும் பெரிய பெட்டியாவே அடிக்கலாம்."

"சரிங்க" என்றேன்.

அவர் வேலைக்குப் போனதும் பலகைகளைத் துண்டுதுண்டாக வெட்டினேன். அன்று மத்தியானம் சோறு பொங்கியது அவற்றில்தான். அவர் சொன்னது உண்மை, நன்றாகவே காய்ந்திருந்தன. கொஞ்சம்கூடப் புகை இல்லை.