லண்டன் கல்யாணமும் நோன்புக் கஞ்சியும்

போன வாரம் என் பேத்தி கைப்பேசியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு மணப்பெண் குதிரை வண்டியிலிருந்து இறங்குகிறாள். அவள் இறங்கிய பிறகும் அவளுடைய கவுன் இறங்கிக்கொண்டே இருக்கிறது. "இது யாருன்னு தெரியுமா?" என்று பர்மியில் கேட்டாள். அவள் பர்மியில்தான் கேட்பாள், நான் தமிழில்தான் பதில் சொல்வேன். எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம். "தெரியாம என்ன, அந்தக் கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் போயிருந்தோமே" என்றேன். பாதி பொய். போனது எங்கள் காதுகள் மட்டும்.

அது எண்பத்தொன்றாம் வருஷம். பர்மாவின் அன்றைய தலைநகரில், தின்கன்ஜூனில் மரவீடு எங்களுடையது. கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வாப்பாவிடம் மிஞ்சியிருந்தது நேரம்தான். அதை அப்படியே லண்டன் வானொலிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அந்த வருஷம் அங்கே நடந்ததெல்லாம் லண்டன்காரர்களைவிட எங்கள் தெருவுக்கு நன்றாகத் தெரியும். வேலையில்லாதவர்கள் பெருகிவிட்டார்கள், தெருக்கள் பற்றி எரிகின்றன, தோற்கப்போன கிரிக்கெட் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள் என்று தினமும் ஒன்று. "நம்மள ஆண்டவங்களுக்கும் கஷ்டம் வருது பாரு" என்பார் வாப்பா. அதில் இரக்கம் எவ்வளவு, திருப்தி எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஜூலை முடிகிற நேரத்தில் இளவரசருக்குக் கல்யாணம் வந்தது.

எங்களுக்கோ ரமலான். கொட்டுகிற மழை. நோன்புக் கஞ்சியில் பூண்டும் வெந்தயமும் வேகிற வாசம் இருக்கிறதே, பசித்தவர்களுக்கு அதைவிடச் சோதனை கிடையாது. லண்டன் கல்யாணத்தன்று சாயங்காலம்தான் ஊரின் மறுபக்கம் இன்சீனிலிருந்து ஒரு மாமி, மழையில் பாதி நனைந்து, லாத்தாவைப் பெண் பார்க்க வந்தார். லாத்தா என்றால் என் அக்கா. பள்ளிக்கூட டீச்சர், பிள்ளைகள் பர்மியில் கூப்பிடுவது சாயாமா என்று. மாமியின் மகனுக்கு ரயில் பட்டறையில் வேலை. எல்லாம் பொருந்தி வந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் மாமி முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். உம்மாவும் சரியென்றுவிட்டார். லாத்தாவை யாரும் கேட்கவில்லை.

வந்த விருந்தாளிக்காக வாப்பா ரேடியோவை நிறுத்துவாரா? மாமியும் ஆவலாகத்தான் உட்கார்ந்தார். மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு. பதினைந்து வயது, என் இங்கிலீஷ் அந்த ரேடியோவின் கரகரப்பைவிட மோசம். "குதிரை வருது... இன்னொரு குதிரை வருது..." என்று வெகுநேரம் குதிரையிலேயே நின்றேன்.

"பொண்ணு எப்பம்மா வருவா?" என்றார் மாமி.

லாத்தா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்தவர் முன்னால் பெண் தலை குனிந்திருக்க வேண்டும். இவள் ரேடியோ பக்கம் குனிந்திருந்தாள். தலை குனிந்திருந்ததே, உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"பொண்ணு மாப்பிள பேர முன்னபின்ன மாத்திச் சொல்லிட்டாளாம்" என்றாள் லாத்தா.

மாமி சிரித்தார். "பாவம், பயந்திருப்பா."

"இன்னொண்ணும் சொல்றாங்க மாமி. புருஷன் சொல்லுக்குக் கீழ்ப்படிவேன்னு ஒரு வரி இருக்குமாம். அத அவ சொல்லலையாம்."

"மறந்துட்டாளா?"

"இல்ல. வேணாம்னு முன்னாடியே பேசி முடிவு பண்ணிட்டாங்களாம்."

"மாப்பிள கோவிக்கலையா?"

"பக்கத்துலயேதான் நிக்கிறாராம்."

அங்கேயே விட்டிருக்கலாம். லாத்தா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "நானும் ஒண்ண முன்னாடியே சொல்லிடுறேன் மாமி. நான் ஸ்கூல விட மாட்டேன்."

அடுப்படியில் உம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. வாப்பா ஜன்னலுக்கு வெளியே மழையை, ஏதோ இன்றுதான் முதன்முதலாகப் பெய்வதுபோலப் பார்த்தார். நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடந்தது. அதுவரை மாமி வாயையும் திறக்கவில்லை. லண்டனில் ஜனங்கள் தாழ்ந்த குரலில் ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. மாமி ஒரு கிண்ணம் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பிறகு லாத்தாவைப் பார்த்தார்.

"உங்க ஸ்கூல் எத்தன மணிக்கு விடும்?"

"மூணரைக்கு."

"அப்ப அசர் தொழுகைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம். யபாடே." பரவாயில்லை என்பதை மட்டும் பர்மியில் சொன்னார். உம்மா அழுதுகொண்டே அவருக்கு மூன்றாவது கிண்ணம் ஊற்றினார்.

பெருநாள் கழிந்து நிக்காஹ். லண்டன் ஜோடி பத்துப் பதினோரு வருஷத்தில் பிரிந்துபோனது. லாத்தாவும் மாமியும்தான் பிரியவே இல்லை. தினமும் லாத்தா ஸ்கூல் விட்டு வந்து படியேறும்போது மாமி டீயைச் சுடவைத்துக்கொண்டு காத்திருப்பார். பார்த்தேயிராத பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. எவன் பரீட்சையில் கோட்டைவிட்டான், எவள் குட்டு வாங்கினாள் என்று ஒன்றுவிடாமல் கேட்பார்.

வாப்பா போனார், ரேடியோவும் போனது. மரவீடு இருந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. மாமியும் ஒரு மழைக்காலத்தில் மவுத்தானார். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது லாத்தா போகவில்லை. ஓய்வுபெற இன்னும் காலம் இருந்தும் வேலையை விட்டுவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல நடந்தத வந்து யார்ட்டடி சொல்றது?" என்றாள்.