அண்ணி லாயத்துக்கு வண்டி பார்த்த கதை

எங்கள் அண்ணி ஒரு முடிவு எடுத்துவிட்டால் மலைகூட எழுந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் மட்டும் நகரமாட்டார். அவர் மலையைவிடக் கனம். அவரை நகர்த்த அண்ணிக்கே சில வாரங்கள் பிடிக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவது ஒரு குதிரை லாயம். அடுத்தவர்களின் குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். நடுவில் நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள், ஒவ்வொரு அறைக்கும் அரைக்கதவு, அதன் மேலே ஒரு நீண்ட மூஞ்சி. மொத்தம் பதினொரு குதிரைகள். பதினொரு வாய்க்குத் தீனி போடுவதுதான் வேலை என்று நானும் முதலில் நினைத்தேன், மறுமுனையைப் பார்க்கும் வரைக்கும். ஒரு குதிரை ராத்திரியில் போட்டு வைக்கிற லத்தியை வைத்து ஒரு சின்னக் கோட்டை கட்டலாம். காலையில் அதை நனைந்த மரத்தூளோடு வாரி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் நிரப்பி, லாயத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற எருக்குவியல் வரைக்கும் தள்ள வேண்டும். எருவைப் பள்ளத்தில் கொட்டாமல் மேட்டில் கொட்டலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவான் யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் அந்த மேட்டில் தள்ளிய தூரத்தைச் சேர்த்து வைத்தால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஒரு நாள் காலை கைப்பிடியைப் பிடிக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கேள்விக்குறி மாதிரி அப்படியே நின்றார்.

"என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டேன்.

அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அது பிதுங்கிடுச்சு. இனிமே தள்ளுறது, தூக்குறது ரெண்டும் கூடாது. நடக்கலாம், வண்டி ஓட்டலாம், சின்னச் சின்ன வேலை பாக்கலாம். மறுபடி இப்படி ஆச்சுன்னா கால் வராமப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனம் இல்ல."

அண்ணன் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததுமே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கொட்டகையில் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி பார்த்துவிட்டார். உள்ளே போய்ச் சங்கிலியும் பூட்டும் கொண்டு வந்தார். தள்ளுவண்டியை இரும்புத் தூணோடு சேர்த்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பூட்டு எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் திறந்தது.

"எத்தனை நாளைக்குப் பூட்டி வைப்பே?" என்றார் அண்ணன்.

"நீங்க உக்காந்து வேலை பாக்குற மாதிரி ஒரு வண்டி வர்ற வரைக்கும்."

"லாயத்துக்குள்ள எஞ்சின் வண்டியா? குதிரைங்க சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நீங்க நடந்தாப் போதும் எனக்கு."

கையில் இருந்தது ஒரே ஒரு வண்டிக்கான பணம். தப்பான வண்டி வந்து சேர்ந்தால் அதை ஓரமாக நிறுத்திவிட்டு அண்ணன் மறுபடி தள்ளுவண்டிக்குத்தான் போவார். அங்கிருந்து நேராகச் சக்கர நாற்காலிக்கு. மூன்று பேருக்கும் இது தெரியும்.

வண்டி விற்கிற கடைக்குப் பஸ்ஸில் போனோம். அண்ணி என் மடியில் ஒரு மூட்டையை வைத்து, பிரிக்கக்கூடாது என்றார். பிரிக்கவே தேவை இருக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எங்களைச் சுற்றியிருந்த சீட்டெல்லாம் காலி. டிக்கெட் கொடுப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்.

கடையில் விற்பனைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். அவர் சட்டை மடிப்பில் தக்காளி நறுக்கலாம், அவ்வளவு கூர்மை. நேராக ஒரு சிவப்பு வண்டியிடம் கூட்டிப்போனார். ஆளுயரச் சக்கரம், தவளை முழிப்பது மாதிரி விளக்கு, பின்னால் தூக்கிக் கொட்டுகிற தொட்டி. அண்ணன் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி அவர் அண்ணியைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்திருக்கமாட்டார்.

"சார், இது மலையே ஏறும். அறுபதுல பறக்கும்" என்றார் விற்பனைக்காரர்.

"எவ்வளவு மெதுவாப் போகும்?" என்று கேட்டார் அண்ணி.

"என்ன மேடம்?"

"மெதுவா. குதிரை நடக்குற வேகத்துல. அப்பவும் ஒழுங்காப் போகுமா, இல்ல விக்கல் எடுத்த மாதிரி போகுமா?"

விற்பனைக்காரர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். வேகமாகப் போவதைப் பற்றி அதில் எட்டுப் பக்கம் இருந்தது. மெதுவாகப் போவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பின்னாடி தொட்டி ஐநூறு கிலோ தாங்கும் மேடம்."

"தாங்கறதை நான் கேக்கல. கொட்டுமா? செங்கல்னா தானா சரிஞ்சிடும். எங்களுது ஈர மரத்தூளும் லத்தியும். பசை மாதிரி ஒட்டிக்கும். பாதி கொட்டி பாதி நின்னுச்சுன்னா மிச்சத்தை யாரு வாரித் தள்ளுறது, இவரா? தம்பி, மூட்டையை எடு."

மூட்டையைப் பிரித்ததும் கடைக்கு உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகக் கதவைச் சாத்தினார். சிவப்பு வண்டியின் தொட்டியில் கொட்டித் தூக்கச் சொன்னோம். பாதி விழுந்தது. பாதி, வாடகை கட்டிக் குடிவந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மற்ற வண்டிகளிலும் அதே கதைதான். கடைசியில் ஓரத்தில் ஒரு பச்சை வண்டி நின்றது. சின்னது, தாழ்வானது. அழகுக்குச் சம்பளம் கொடுத்தால் அது பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதன் தொட்டி செங்குத்தாக எழுந்து நின்று ஒரு துளி விடாமல் கக்கியது.

அண்ணி அதோடு விடவில்லை. கேட்காமலே பின்பக்கம் பழுது பார்க்கும் இடத்துக்குப் போனார். சிவப்பு வண்டிகள் மூன்று மூடி திறந்து கிடந்தன. கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கின் கால்களோடு பேச ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, பச்சை வண்டி இங்க வருமா?"

"வரும்க்கா. ஆயில் மாத்த" என்றன கால்கள்.

"வேற எதுக்காவது?"

"வேற எதுக்கு வரணும்?"

"சாமான் கெட்டா?"

"எந்தக் கடையிலயும் கிடைக்கும்க்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வாசனை தாங்கல."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வண்டியைக் கடையில பாத்து முடிவு பண்ணக்கூடாது. சிவப்பு, பச்சை ரெண்டையும் லாயத்துக்குக் கொண்டு வரட்டும். குதிரைங்க சொல்லட்டும்" என்றார். குதிரைகள் தன் கட்சி என்று அவருக்கு நம்பிக்கை.

இரண்டு வண்டியும் லாரியில் வந்து இறங்கின. புது ஆள் வந்தால் பதினொரு தலையும் வெளியே நீளும். சிவப்பு வண்டி உள்ளே நுழைந்தது. சுவருக்குச் சுவர் பார்த்தால் தாராளமாக இடம். ஆனால் இரண்டு பக்கமும் தலை நீட்டியிருக்கும்போது அந்த இடம் எங்கே? அதன் கண்ணாடி மகாராணியின் மூக்கை உரசப் பார்த்தது. மகாராணி என்பது மூலை அறையில் இருக்கிற வெள்ளைக் குதிரை. உலகத்தில் எதுவுமே அதற்குப் பிடிக்காது. விற்பனைக்காரர் பதறி ரிவர்ஸ் எடுத்தார். வண்டி பீப் பீப் என்று கத்தியது. மகாராணி கதவில் விட்ட உதையில் என் கடைவாய்ப் பல் ஆடிப்போனது.

விற்பனைக்காரர் கெட்டிக்காரர். தொட்டியில் கேரட் மூட்டை கொண்டு வந்திருந்தார். ஆளுக்கொன்றாக, அதாவது குதிரைக்கொன்றாக நீட்டினார். பதினொன்றும் கழுத்தை நீட்டி வாங்கித் தின்றன.

"பாருங்க, எப்படி ஒட்டிக்கிச்சு" என்றார் பெருமையாக.

"நிறுத்துங்க" என்றார் அண்ணி. அந்தக் குரலில் குதிரைகளே மெல்லுவதை நிறுத்தின. "வண்டியில தீனி பாத்துடுச்சா, நாளையிலேர்ந்து வண்டிச் சத்தம் கேட்டாலே பதினொண்ணும் கதவை உதைக்கும். நாங்க லத்தி வார வருவோம், இதுங்க சாப்பாடு வருதுன்னு ஆடும். கால் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது? குதிரைக்கு வண்டி மேல பயமும் வரக்கூடாது, ஆசையும் வரக்கூடாது. சலிச்சுப் போகணும்."

"என்னைப் பாத்து உனக்குச் சலிச்ச மாதிரி" என்றார் அண்ணன்.

"அந்த அளவுக்கு வேணாம்."

விற்பனைக்காரர் மிச்சக் கேரட்டை அவசரமாகப் பேன்ட் பையில் திணித்தார்.

இதற்கப்புறமும் அண்ணன் விடுவதாக இல்லை. "பீப்பைக் கழட்டிடலாம். கண்ணாடியை மடக்கிக்கலாம். தொட்டிக்குள்ள வழவழன்னு தகரம் அடிச்சுக்கலாம். எனக்குச் சிவப்புதான். பச்சை மளிகைக் கடை வண்டி மாதிரி இருக்கு. அதுல என்னை உக்கார வச்சு நோயாளின்னு ஊருக்குக் காட்டப் போறியா?"

அண்ணி கதவுகளைக் கைகாட்டினார். "சரி. காலை வேலையை இதுல செஞ்சு காட்டுங்க. ஒவ்வொரு கதவுக்கும் இறங்கணும். தாழ்ப்பாள் தொறந்து, தண்ணி பாத்து, மறுபடி ஏறி அடுத்த கதவு. பதினொண்ணும் முடிச்சிட்டீங்கன்னா சிவப்பே வாங்கலாம். நான் வாயே தொறக்கமாட்டேன்."

"சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியம்."

"எங்கம்மா மேல எதுக்கு? உங்கம்மா மேல பண்ணு."

"எங்கம்மா உயிரோட இருக்காங்களே."

அண்ணன் ஏறினார். சிவப்பு வண்டியின் படி முழங்கால் உயரம். முதல் கதவில் ராஜா மாதிரி இறங்கினார். இரண்டாவதில் விசில் அடித்தார். நாலாவதில் விசில் நின்றது. ஐந்தாவதில் ஏறும்போது கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. ஆறாவது கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. அண்ணன் இறங்கவில்லை. ஒரு கால் வெளியே தொங்கியது. தரை எட்டவில்லை. மறுபடி உள்ளே இழுக்கவும் முடியவில்லை.

"மீட்டர் நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றார், எதிரே பார்த்தபடி.

எனக்கு வாயில் நூறு கேலி வந்தது. ஆனால் அவர் நெற்றி வேர்வை அன்றைக்கு மாதிரியே சொட்டியது.

"தம்பி, சாரைக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடு" என்றார் அண்ணி.

"இப்பதானே குடிச்சோம் அண்ணி."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் விற்பனைக்காரரும் இன்னொரு டீ குடிக்கப் புறப்பட்டோம்.

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? அண்ணி ஒரு புல் கட்டை இழுத்து வண்டிக்குக் கீழே படி மாதிரி போட்டிருந்தார். முதுகைக் காட்டி நின்று, தோளில் கை வைத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் பிடித்து மெதுவாக இறங்கினார். இறங்கிய பிறகும் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய்."

"ஆமா." அண்ணன் பச்சை வண்டிப் பக்கம் பார்த்தார். "அந்தப் பச்சை மளிகைக் கடை வண்டி மாதிரிதான்டி இருக்கு."

"மளிகைக் கடைக்காரர் நிமிர்ந்துதானே நடக்குறாரு."

சாயங்காலம் வலி தணிந்ததும் பச்சையில் உட்கார்ந்தார். வீட்டு முக்காலியில் உட்காருகிற உயரம்தான். காலைத் திருப்பினால் தரை. இரண்டு பக்கமும் தலைகள் நீண்டிருக்க, நடுவில் யாரையும் தொடாமல் ஊர்ந்து போனது. பதினொரு கதவிலும் இறங்கினார், ஏறினார். கடைசிக் கதவில் வண்டியை நிறுத்தி, விற்பனைக்காரரைப் பார்த்து, "இது சிவப்புக் கலர்ல வருமா?" என்றார்.

வரவில்லை. பச்சையே வந்தது.

முதல் நாள் வண்டி கிளம்பியதும் பதினொரு கதவும் உதை வாங்கி அதிர்ந்தன. அந்தக் கேரட்டின் வேலை. அண்ணி சட்டம் போட்டார். வண்டியில் ஒரு பிடி தீனிகூட ஏறக்கூடாது, தீனி வாளியில் கையால்தான் போகும். அந்தக் கை என்னுடையது. வாளி தூக்கித் தூக்கி என் கை முழங்காலுக்குக் கீழே தொங்க ஆரம்பித்தது. அண்ணன் ஒன்றும் ஏற்றாமல் நடையில் போவார், வருவார், மறுபடி போவார். குதிரைகள் உதைத்துப் பார்த்தன, கனைத்துப் பார்த்தன, பிறகு முறைத்துப் பார்த்தன. கடைசியில் ஒரு காலை மகாராணி வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டியது. அன்றைக்குத்தான் அண்ணி தொட்டியில் முதல் லத்தியை ஏற்றச் சொன்னார். நாங்கள் இருவரும் வாரிப் போட்டோம், அண்ணன் ஓட்டினார்.

மழை தொடங்கியது. மேடு வழுக்குமரம் ஆனது. பச்சை வண்டி முனகிக்கொண்டே ஏறும், நின்று கக்கும், இறங்கி வரும். ஒரு காலை வேலை முடிந்து நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணன் இறங்கினார், இடுப்பில் கை வைத்து முழுசாக நிமிர்ந்து நின்றார்.

"டேய், மூலை அறையில பாதியை விட்டு வச்சிருக்க. கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"முதல்ல சாப்பிடலாம்ண்ணே."

"சாப்பாடு ஓடிப்போயிடாது." முள்வாரியை என்னிடம் நீட்டிவிட்டு மறுபடி வண்டியில் உட்கார்ந்தார்.

நான் முனகிக்கொண்டே போய் அந்தப் பாதியை வாரித் தொட்டியில் போட்டேன். வண்டி மேட்டுப் பக்கம் திரும்பியது. அண்ணி அவரைக் காவல் பார்க்க எழுந்து வாசலுக்குப் போகவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தம் மேட்டில் ஏறுவதைக் காதால் மட்டும் கேட்டபடி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட ஆரம்பித்தார்.