ராஜாராமன் சாரின் சட்டைப்பை

முடிச்சூரில் ராஜாராமன் சார் வீட்டில் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அவர் மனைவி பாலாம்பாளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோயிருந்தது. அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைக்கப் போனவள் நான்.

சார் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, இடது பையில் பேனா. செவ்வாயும் வெள்ளியும் மனைவியைப் பழைய காரில் கீழ்க்கட்டளைக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போவார். முன்சீட்டைச் சாய்த்தால்தான் அந்த அம்மாவை உட்கார வைக்க முடியும், ஆட்டோ சரிப்படாது. வழியெல்லாம் எந்த ஏரி எதுவரை இருந்தது என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது.

ஆனால் மறதி வந்துவிட்டது. ஒருமுறை பல்லாவரத்தில் காரை நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வீடு வந்துவிட்டார். புனேயில் இருக்கும் மகன் ஷ்யாம்சுந்தர், இன்னொரு தடவை இப்படி நடந்தால் காரை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

எங்கள் பக்கம் பெருமழை என்று அறிவிப்பு வந்தால் காரையெல்லாம் பாலத்து மேல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் பட்டது போதும் என்று. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நவம்பரிலும் ஒரு செவ்வாய்க்கிழமை சார் நிறுத்திவிட்டு வந்தார். மழை பெய்தது, தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. வெள்ளி காலை காரை எடுத்து வரக் கிளம்பினார்.

அவர் செருப்பு மாட்டும்போது பாலாம்பாள் இடது கையால் தன் நெஞ்சின் இடப்பக்கம் தட்டினார். மறுபடி மறுபடி தட்டினார். நான் நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து சார் போன் செய்தார். வண்டி கிளம்பவில்லையாம். ஷ்யாமிடம் சொல்ல வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டு ஸ்ரீவித்யாவை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு நான் பாலத்துக்குப் போனேன். நாலு பேர் கூடி, பேட்டரி என்றும் பெட்ரோல் என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாருக்கு வியர்த்திருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் இன்ஜின் சுழன்றதே தவிர பற்றவில்லை.

பம்மலிலிருந்து மெக்கானிக் தனசேகர் வந்தான். வெள்ளத்தில் மூழ்கிய அந்தக் காரைப் பிரித்து மேய்ந்து பிழைக்க வைத்தவன்.

"செல்ஃப் சோக்கா அடிக்குது. பேட்டரி மேல ஏம்பா பழி போடறீங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு என்னிடம், "சிஸ்டர், பின்சீட்ல காதை வெச்சுக் கேளுங்க. சாவி போட்டதும் ரெண்டு செகண்டு முனகணும்" என்றான்.

எத்தனையோ நெஞ்சில் காது வைத்தவள் நான். அங்கே ஒரு சத்தமும் இல்லை.

பெட்ரோலைத் தள்ளும் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை என்றான். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். ஒரு குழி காலி. சாரைப் பார்த்தான், கூடியிருந்தவர்களைப் பார்த்தான், மூடியைச் சாத்தினான்.

"மழைத்தண்ணி எறங்கி ஃபியூஸ் அவுட்டு சார். வேற போட்டா ஓடிடும்."

சார் மூடியைத் திறந்து தானே பார்த்தார்.

"பொய் சொல்லாதே, தனசேகர். நான்தான் கழட்டினேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான்."

சில வருஷம் முன்பு பாலத்தில் நின்ற ஒரு கார் களவு போனதாம். அதிலிருந்து சார் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இப்போது அவர் கை பைக்குப் போயிற்று. பேனா மட்டும் இருந்தது.

புதன்கிழமை அவர் சட்டையைத் துவைக்கும்போது இரண்டு கால் வைத்த நீலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று விழுந்ததையும், ஏதோ பொம்மையின் துண்டு என்று பொத்தான் டப்பாவில் போட்டதையும் சொன்னேன்.

சார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு மழைக்கும் நான் கிளம்பறச்சே, பையில இருக்கான்னு பாலா கேட்பா. இப்போ கேட்க ஆள் இல்லை."

"கேட்டாங்க சார்" என்றேன். "நான்தான் பிரஷர் பார்த்தேன்."

தனசேகர் வேறு ஃபியூஸ் சொருகினான். முதல் திருப்பிலேயே கிளம்பியது. சின்னவரிடம் மூச்சு விடமாட்டேன் என்றான். ஆனால் சார் அங்கிருந்தே மகனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். விற்றுவிடலாம் என்று பதில் வந்தது. நான் போனை வாங்கினேன்.

"தம்பி, அப்பா மறந்தது நிஜம். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு. சாவி இனிமே அவங்க கையில இருக்கட்டும்."

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

அதிலிருந்து சாவி பாலாம்பாளின் தலையணைக்கடியில் இருந்தது. சார் போய்க் கை நீட்டுவார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுப்பார். சில நாள் கொடுக்க மாட்டார். அன்று வாடகைக் கார். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒரு செவ்வாய் கொடுக்கவில்லை, வெள்ளியும் கொடுக்கவில்லை, அடுத்த செவ்வாயும் விரலை மடக்கிக்கொண்டார். சார் தனசேகரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவனிடம் சாவியை உடனே கொடுத்துவிட்டார் பாலாம்பாள்.

காரை அவனே வைத்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் வந்து ஓட்டினான். சார் என்னோடு பின்சீட்டில் உட்காருவார். சாவி போட்டதும் சீட்டுக்கடியில் அந்த முனகல் வரும். ஏரிக்கதையை நிறுத்திவிட்டு அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.