டேப்பு வைத்துப் பார்க்காத உடம்பு

இங்கிலாந்தில் பாதிப் பெண்கள் மூரியல் ஹக்கினின் உடம்பைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் பின்னால், வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில், மிஸ்டர் ப்ரைக்கின் கவுன் கம்பெனி இருந்தது. புது மாதிரி எது தைத்தாலும் அது முதலில் மூரியல் மேல்தான் ஏறும். ஒரு தாழ்வான மரப்பெட்டியின் மேல் அவள் நிற்பாள். கட்டிங் மாஸ்டர் லூ அவளைச் சுற்றிச் சுற்றி வருவார். நான் வாய் நிறைய குண்டூசியோடு கீழே முட்டி போட்டிருப்பேன். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று லூ சொல்லச் சொல்ல நான் குத்துவேன். அந்தக் குத்தலின்படி துணி வெட்டுகிற மாதிரி அட்டை மாறும், அதன்படி கவுன்கள் கப்பல் கப்பலாக வெளியே போகும்.

வந்தபோது அவள் மெஷின்காரி. அதுவும் படுமோசமான மெஷின்காரி, ஒரு தையலை நேராக ஓட்டத் தெரியாது. ஒருநாள் மாதிரிக்கு நிற்கிற பெண் வராமல் போக, லூ ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்தவளை இழுத்துக் கவுனை மாட்டினார். மாட்டியவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பன்னிரண்டாம் நம்பர் என்று கடையில் விற்கிறார்களே, ஊரில் எல்லாரும் வாங்குகிற அளவு, அது தோளிலிருந்து இடுப்பு வரை அச்சாக அவளிடம் இருந்தது.

"டேப்பு பொய் சொல்லும், மூரியல் சொல்ல மாட்டா" என்பார் லூ. அதிலிருந்து அவள் மேல் யாரும் டேப்பு வைத்ததில்லை. வைத்தால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். எங்கள் கம்பெனியில் அது ஒரு பெருமை, ஒரு திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூரியலுக்கும் அந்தத் திமிர் உண்டு. சனிக்கிழமை சந்தைக்குப் போனால், முன்னால் போகும் யாரோ ஒரு பெண்ணைக் காட்டி, "அங்க பாரு எட்னா, என் முதுகு போவுது" என்பாள். முன்பின் தெரியாதவள் திரும்பி முறைப்பாள். நாங்கள் முட்டைக்கோசுக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்போம்.

அறுபத்தாறில் அந்தப் பெண் வந்தாள். பத்திரிகைக்காரர்கள் அவளுக்கு ரென் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர் வேலிகளில் தத்தித் திரியும் ஒரு பொடிக் குருவியின் பெயர் அது. பையன் மாதிரி வெட்டிய கிராப்பு, கண்ணுக்குக் கீழே மையால் வரைந்த இமைமுடி, மற்றபடி எலும்பு. பஸ்ஸின் முதுகில் அவள், பிஸ்கட் டப்பாவில் அவள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். கடவுள் கொடுத்த உடம்போடு அவள் பாட்டுக்கு நின்றாள், படம் எடுத்தார்கள். எங்கள் மெஷின்காரிகள்தான் வாரத்துக்குள் முடியை வெட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கோடு கோடாக வரைந்துகொண்டு வந்து நின்றார்கள். அழுதுவிட்டு முகம் கழுவாதவர்கள் மாதிரி இருந்தது.

மிஸ்டர் ப்ரைக் ஒரு பெரிய கடையிடமிருந்து குளிர்கால ஆர்டர் பிடித்து வந்தார். ரென் போடுகிற தினுசில் குட்டைக் கவுன். படத்தை மேசை மேல் போட்டுவிட்டு மூரியலை மேலும் கீழும் பார்த்தார்.

"இது உன் மேல எடுக்குமா மூரியல்?"

"என் மேல எடுக்காதது எது மிஸ்டர் ப்ரைக்?"

"பாப்போம். எடுக்கலன்னா சின்னப் பொண்ணு ஒருத்தியைப் புடிச்சுக்கலாம். உனக்கென்ன, உன் பழைய மெஷின் சும்மாத்தானே கெடக்கு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மூரியலின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்து இறங்கி மறுபடி மெஷினில் உட்காருவது அவளுக்குத் தெருவில் நிற்பது மாதிரி.

அதற்குப் பிறகு டீ வண்டி வரும்போதெல்லாம் அவள் கழிவறைக்குப் போனாள். மத்தியானம் ஒரு வேகவைத்த முட்டை, பால் இல்லாத காப்பி, சிகரெட்டு. நாங்கள் என்ன செய்தோம்? புகழ்ந்தோம்!

"அடியே மூரியல், பத்து வயசு கொறஞ்சுட்டே! என்னடி ரகசியம், புது ஆளா?"

"எம் புருஷன் ஸ்டான் அழுவுறாரு. கட்டில்ல சைக்கிளோட படுத்த மாதிரி இருக்காம்" என்பாள் அவள். தரை அதிரச் சிரிப்போம்.

மாதிரி பார்க்கும்போது லூ ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே குத்தச் சொன்னார். படத்திலேயே கவுன் ஒட்டினாற்போல இருந்தது, ஃபேஷன் அப்படி என்று நினைத்தோம். அளவே அவள்தான் என்று ஆன பிறகு, அளவு சுருங்கும் என்று எந்தப் பைத்தியக்காரன் நினைப்பான்? ஆர்டர் முழுவதும் அப்படியே வெட்டி, தைத்து, பன்னிரண்டு என்று சீட்டு வைத்து, கடைகளுக்குப் போய்விட்டது.

கடைசி வேன் போன மறுநாள் காலை, பெட்டி மேல் நின்றவள், "எட்னா, என்னப் புடி" என்றாள். பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள்.

நான் பயில்வான் இல்லை. ஆனாலும் அவளைச் சின்னக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினேன். என் கைக்குள் அவள் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. வாரம் இரண்டு முறை இந்த உடம்பைத் தொட்டு ஊசி குத்தியவள் நான். எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

லூ கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை அவள் இடுப்பில் சுற்றினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றினார்.

"கடவுளே" என்றார். "இவ எட்டாம் நம்பர்கூட இல்ல. அப்போ போன கவுனெல்லாம்?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மிஸ்டர் ப்ரைக் அங்கேயே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூரியல் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கவுன் திரும்பி வந்துச்சா எட்னா?" என்பதுதான். இளைக்கிற மாத்திரை சாப்பிட்டாளாம். டாக்டரே எழுதிக் கொடுத்தது. "பசியே தெரியல. நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "பெட்டிய யாருக்கும் குடுத்துடாதீங்க, சொல்லு." அவள் மணிக்கட்டு என் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. அப்போதும் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு! வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும் என்று காத்திருந்தோம். மிஸ்டர் ப்ரைக் தொலைபேசி அடித்தாலே எழுந்து நின்றார். கம்பெனி மூடப் போகிறது என்று சிலர் வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒன்றுகூட வரவில்லை.

நான் நம்பவில்லை. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் எங்கள் கவுன் போட்ட பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பக்கத்தில் சீட்டு காலியாக இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரேன் கண்ணு" என்றேன்.

"உக்காந்தா ஜிப்பு போயிடும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"பின்ன ஏம்மா வாங்கினே? கடையில மாத்திக்க வேண்டியதுதானே?"

"எதுக்கு மாத்தணும்? கவுன் பன்னெண்டுதான், என் நம்பர்தான். நான்தான் ஊதிட்டேன். நாளையிலேர்ந்து ரொட்டிய விட்டுடப் போறேன்."

இறங்க வேண்டிய இடம் போனதுகூடத் தெரியவில்லை.

மூரியல் வசந்த காலத்தில் திரும்பி வந்தாள். ஸ்டான் விடாமல் ஊட்டித் தேற்றியிருந்தார். கன்னம் வந்திருந்தது. காகிதத்தில் திராட்சை பன் ஒன்று சுற்றி வைத்திருந்தாள். முதல் கடி கடித்தபடியே மாடியேறி வந்தவளைப் பார்த்து எல்லாரும் கைதட்டினோம்.

மிஸ்டர் ப்ரைக் கைதட்டவில்லை. மேசைக்கு வந்து, ஆர்டர் மறுபடி வந்திருக்கிறது, போனதைப் போல மூன்று மடங்கு என்றார்.

"அதே வெட்டு வேணுமாம் மூரியல். அதே மாதிரி." அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது. "நீ இப்ப கொஞ்சம் பெரிசா இருக்கே. அவசரமில்ல, ஒரு மாசம் எடுத்துக்கோ. இல்ல, மெஷினே போதும்னா அதுவும் சரி."

லூ டேப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவள் அந்தப் பன்னை அவர் முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன்.

மூரியல் பன்னைத் திரும்பக் காகிதத்தில் மடித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டி மேல் ஏறினாள். போன ஆர்டரின் மாதிரிக் கவுனை மாட்டிவிட்டேன். முதுகில் ஜிப்பு பாதியில் நின்றது.

"ரொம்ப ஊதிட்டேனா எட்னா?" என்று மெல்லக் கேட்டாள்.

வாயிலிருந்த ஊசியெல்லாம் தரையில் துப்பினேன். "நீ சரியாத்தான்டி இருக்கே. இந்தக் கவுன்தான் சின்னது. உன்னால சின்னதானது. உனக்கே தெரியாதா?"

பஸ்ஸில் பார்த்த பெண் சிரித்தாளே, அதே சிரிப்பைச் சிரித்தாள் மூரியல். பிறகு மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ம், இப்ப இழு" என்றாள்.